பெற்றோரை பார்பிக்யூ கடைக்கும் பர்கர் கடைக்கும் அழைத்துப் போகலாமா? மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் அங்கே என்ன கேட்டு வாங்குவது?

ரவுண்ட்ராக்_வாசி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். ஆஸ்டினை ஒட்டிய ரவுண்ட் ராக்கில் நாங்கள் குடியேறி எட்டு மாதங்கள் ஆகின்றன. அடுத்த மாதம் என் பெற்றோர் ஆறு வாரம் தங்கிப் போக வருகிறார்கள். அவர்கள் இருக்கும்போதே டல்லாஸிலிருந்து தங்கையும் மாப்பிள்ளையும் அவர்களுடைய ஒன்பது வயது மகனும் வந்து சேர்ந்துகொள்கிறார்கள். டெக்சாஸுக்கு வந்துவிட்டு, விறகுப் புகையில் மணிக்கணக்கில் வேகவைத்து ஊரே பெருமையாகச் சொல்லும் பார்பிக்யூ இறைச்சியை எட்டிக்கூடப் பார்க்காமல் திரும்புவதா என்று அப்பாவே தொலைபேசியில் கேட்டுவிட்டார். அவருக்காகவே இதை எழுதுகிறேன்.

அப்பா கோழி, ஆடு, மீன் உண்பார். மாட்டையும் பன்றியையும் தொடமாட்டார். அம்மா முட்டைகூடச் சேர்க்காத சைவம். பால், தயிர், வெண்ணெய் உண்டு. மாப்பிள்ளைக்கு எல்லாமே ஆகும். பையனுக்கு பர்கர் இருந்தால் வேறெதுவும் வேண்டாம்.

அலுவலக நண்பர்களோடு ஒரே ஒரு முறைதான் நான் பார்பிக்யூ கடைக்குப் போயிருக்கிறேன். வரிசையில் நாற்பது நிமிடம் நின்று முன்னால் போய்ச் சேர்ந்தபோது, பலகைக்குப் பின்னால் கத்தியோடு நின்றவர் எத்தனை பவுண்டு வேண்டும் என்று கேட்டார். எது எந்த விலங்கு என்றே பிடிபடாத பதற்றத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு, கடைசியில் வெள்ளை ரொட்டியையும் வெங்காயத்தையும் வெள்ளரி ஊறுகாயையும் மட்டும் தின்றுவிட்டு எழுந்தேன். பெற்றோரை அந்த நிலையில் நிறுத்த எனக்கு மனமில்லை.

இத்தகைய கடையில் அப்பாவுக்கு மனநிறைவாக உண்ண ஏதாவது கிடைக்குமா, அம்மாவை அழைத்துப் போவது நியாயமா, பர்கர் கடையில் இறைச்சியை எந்தப் பதத்தில் வேகவைக்க வேண்டும் என்று பணியாளர் கேட்கும்போது பையனுக்காக என்ன சொல்வது, டிப்ஸ் எவ்வளவு வைப்பது என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


விறகும்_புகையும் எழுதியது:

தாராளமாக அழைத்துப் போங்கள். பதினான்கு ஆண்டுகளாக மத்திய டெக்சாஸில் இருக்கிறேன். நான் மாட்டிறைச்சி உண்பவன், என் மனைவி உண்ணாதவர். இருவரும் சேர்ந்தே இந்தக் கடைகளுக்குப் போய்வருகிறோம்.

முதலில் அந்த வரிசையையும் பவுண்டுக் கணக்கையும் புரிந்துகொண்டால் பாதிப் பதற்றம் போய்விடும். இந்தப் பக்கத்துப் பழைய பார்பிக்யூ கடைகள் பல, ஜெர்மனியிலிருந்தும் செக் நாட்டுப் பகுதிகளிலிருந்தும் குடியேறியவர்கள் நடத்திய இறைச்சிக் கடைகளாகத் தொடங்கியவை. விற்காமல் மீந்த இறைச்சியைப் புகையிலிட்டு, தாளில் மடித்து, எடை போட்டு விற்றார்கள். அந்தப் பழக்கம்தான் இன்றைக்கும் தட்டுக்குப் பதிலாகத் தடித்த தாளாகவும், பங்குக்குப் பதிலாக எடையாகவும் தொடர்கிறது. உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள லாக்ஹார்ட்டில், 1900ஆம் ஆண்டில் தொடங்கிய கிரைட்ஸ் மார்க்கெட் நெடுங்காலம் முள்கரண்டியும் சாஸும் தராமலேயே பெயர் வாங்கியது. எனவே எடை சொல்லிக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. கால் பவுண்டு என்றாலும் வெட்டித் தருவார்கள், இரண்டே துண்டு என்றாலும் தருவார்கள். ஓர் ஆளுக்கு எல்லா இறைச்சியும் சேர்த்து அரை பவுண்டு என்று கணக்கு வைத்தால் மிஞ்சவே செய்யும்.

மாப்பிள்ளை பிரிஸ்கெட்டைத்தான் கேட்க வேண்டும். அது மாட்டின் நெஞ்சுப்பகுதி. உடல் எடையைத் தாங்கி உழைக்கும் தசை என்பதால் இயல்பில் மிகக் கடினமானது. அதிலுள்ள கொலாஜன் என்ற நார்ப்புரதம் உருகி, வழுவழுப்பான ஜெலட்டினாக மாறும்வரை பொறுத்தால்தான் மென்மையாகும். ஏறத்தாழ 225 முதல் 275 டிகிரி ஃபாரன்ஹீட் வெப்பத்தில், பெரும்பாலும் போஸ்ட் ஓக் விறகின் புகையில், பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வேகும். இடையில் உள்வெப்பம் 150, 160 டிகிரியை எட்டியதும் மணிக்கணக்கில் அங்கேயே நின்றுவிடும், ஏனென்றால் இறைச்சியிலிருந்து கசியும் நீர் ஆவியாகி, வியர்வை நம் உடலைக் குளிர்விப்பதுபோல் அதைக் குளிர்வித்துக்கொண்டே இருக்கும். முதன்முதலாக வீட்டில் சமைத்தபோது அடுப்புதான் கெட்டுவிட்டது என்று நினைத்து நள்ளிரவில் விறகை அள்ளிப் போட்டு ஒரு முழு பிரிஸ்கெட்டை நான் கருக்கியிருக்கிறேன். உள்வெப்பம் 200 டிகிரியைத் தாண்டிய பிறகு இறக்கி, மேலும் சில மணி நேரம் ஆறவிடுவார்கள். கொழுப்பு நீக்கி, நீர் வற்றி, வாங்கிய எடையில் ஏறக்குறைய பாதிதான் கடைசியில் பலகைக்கு வருகிறது. பல கடைகளில் பவுண்டு 30 டாலரைத் தாண்டிவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம். கொழுப்புள்ள பக்கமா, கொழுப்பற்ற பக்கமா என்று வெட்டுபவர் கேட்பார். முதல் முறை உண்பவர் கொழுப்புள்ள பக்கத்தையே கேட்கட்டும்.

நேற்று மாலை அடுப்பில் ஏற்றியது தீர்ந்தால் இன்றைக்கு வேறு கிடையாது, அவசரத்துக்குச் செய்துதர முடிகிற பண்டமும் அல்ல. ஆகவே பதினொரு மணிக்குத் திறக்கும் கடைக்குப் பத்தரை மணிக்கே போய் நில்லுங்கள். திங்கட்கிழமை பல கடைகள் விடுமுறை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு வான்கோழி நெஞ்சுக்கறி கேளுங்கள். மிளகும் உப்பும் பூசி, பெரும்பாலும் வெண்ணெய் தடவிப் புகையிலிடுவார்கள்; என் மனைவி அதற்காகவே வருகிறார். கோழி இருந்தால் அதுவும் நன்று. அரைத்த இறைச்சியைக் குடல் உறையில் அடைத்துச் செய்யும் சாசேஜை மட்டும் கேட்டறியாமல் வாங்கக் கூடாது, ஏனென்றால் அதில் பெரும்பாலும் மாடோ பன்றியோ இரண்டும் கலந்தோ இருக்கும், வான்கோழி சாசேஜிலும் உறை பன்றிக்குடலாக இருக்கலாம். ரிப்ஸ், அதாவது விலாக்கறி, என்று வெறுமனே எழுதியிருந்தால் அது பெரும்பாலும் பன்றி.

இன்னொன்றையும் அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். வெட்டிய வான்கோழித் துண்டின் ஓரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு பட்டை தெரியும். அது வேகாத இறைச்சி அல்ல. விறகுப் புகையிலுள்ள நைட்ரிக் ஆக்சைடு இறைச்சியின் நிறமியோடு சேர்ந்து அந்த நிறத்தை நிலைநிறுத்திவிடுகிறது. பிரிஸ்கெட்டில் அந்தப் பட்டையை ஒரு நகைபோல் பார்த்துப் பெருமைப்படுவார்கள்.

எல்லா இறைச்சியையும் ஒரே பலகையில் ஒரே கத்தியால்தான் வெட்டுவார்கள். வரிசையில் நம் முறை வந்ததும் முதல் வாக்கியமாக, என் தந்தை மாட்டிறைச்சியும் பன்றியும் உண்பதில்லை, அவருடைய வான்கோழியை மட்டும் வேறு கத்தியால் தூய பலகையில் வெட்டித் தர முடியுமா என்று கேளுங்கள். நான் இதைப் பல முறை கேட்டிருக்கிறேன். ஒருவரும் முகம் சுளித்ததில்லை. முடியாதென்றால் முடியாதென்று நேராகச் சொல்லிவிடுவார்கள், அதுவும் நமக்கு நன்மைதான்.


தென்றல்_ஹூஸ்டன் எழுதியது:

மேலே எழுதியவர் அப்பாவைப் பற்றிச் சொன்னது அத்தனையும் சரி. அம்மாவைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, அதனால் பிறவியிலிருந்தே சைவமான நான் எழுதுகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு என் மாமியாரை ஒரு கடைக்கு அழைத்துப் போயிருந்தோம். பெயர் வேண்டாம். உணவுப் பட்டியலில் பக்கவுணவுகள் என்ற தலைப்பின்கீழ் பீன்ஸ் என்று எழுதியிருந்தது. பருப்பு வகைதானே என்று ஒரு கிண்ணம் வாங்கி அவர் முன் வைத்தேன். பாதிவரை உண்டபின் கரண்டியில் நார் நாராக ஒன்றைத் தூக்கிக் காட்டி, இது என்ன கண்ணு என்று கேட்டார். வெட்டியபின் மிஞ்சும் பிரிஸ்கெட் துணுக்குகளை பீன்ஸில் போட்டு வேகவைப்பது அங்கே வழக்கமாம். கடைக்காரர் நம்மை ஏமாற்றவில்லை, நான்தான் கேட்கவில்லை. மாமியார் என்னைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. அன்று இரவு முழுவதும் அவர் எதையும் உண்ணவில்லை. அந்தக் கரண்டி இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஆகவே பக்கவுணவு என்ற பெயரை நம்பாதீர்கள். பீன்ஸில் பெரும்பாலும் மாடோ பன்றியோ இருக்கும். கீரை இருந்தால் அது பெரும்பாலும் பன்றிக்காலோடு வெந்த கீரை. உருளைக்கிழங்கு சாலட்டில் முட்டை கண்ணுக்கே தெரியும். கோல்ஸ்லா என்ற முட்டைக்கோஸ் சாலட்டில் அது மயோனைஸாக மறைந்திருக்கும், என்றாலும் வினிகர் மட்டும் ஊற்றிச் செய்யும் கடைகளும் உண்டு. சோளரொட்டியில் முட்டையும் சில இடங்களில் பன்றிக்கொழுப்பும் சேரும். பாலாடையில் வெந்த சோளம், சீஸ் ஊற்றிய மக்ரோனி ஆகியவற்றில் பெரும்பாலும் இறைச்சி இராது. அதிலும் பன்றித் துணுக்குகளைத் தூவும் கடைகள் இருப்பதால் கேட்டே வாங்க வேண்டும். வரிசையில் நின்றுகொண்டு இதையெல்லாம் கேட்க முடியாது. முந்தைய நாள் பிற்பகல் மூன்று மணிக்கு, கூட்டமில்லாத நேரத்தில், தொலைபேசியில் கேளுங்கள். அவர்களே உள்ளே போய்ச் சமைப்பவரிடம் விசாரித்துச் சொல்வார்கள்.

பர்கர் கடையில் சைவத்துக்கு வழி கூடுதல் என்றாலும் அங்கே எண்ணெயைக் கேட்க வேண்டும். மெக்டொனால்ட்ஸ் 1990இல் மாட்டுக்கொழுப்பை விட்டுத் தாவர எண்ணெய்க்கு மாறியதாக அறிவித்தது. ஆனால் அமெரிக்காவில் அதன் உருளைக்கிழங்கு வறுவலில் மாட்டிறைச்சியிலிருந்து எடுத்த சுவையூட்டி இருப்பது தெரியவந்ததும் 2001இல் இந்துக்களும் சைவர்களும் வழக்குத் தொடுத்தார்கள், மறு ஆண்டு அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டு 1 கோடி டாலர் தர இசைந்தது. நம்மவர்கள் கேள்வி கேட்டதால் வெளிவந்த செய்தி அது. 2025இல் ஸ்டேக் அன் ஷேக் என்ற பர்கர் நிறுவனம் தன் வறுவலுக்கு மீண்டும் மாட்டுக்கொழுப்புக்கே மாறியிருக்கிறது. மாறாக, பர்கர் கடைகளான ஃபைவ் கைஸ் நிலக்கடலை எண்ணெயிலும் இன்-அன்-அவுட் சூரியகாந்தி எண்ணெயிலும் வறுக்கின்றன. இரண்டிலும் இறைச்சியே இல்லாத சீஸ் சாண்ட்விச் கேட்டால் செய்து தருவார்கள். முட்டை சேர்க்காதவர் சாஸ் வேண்டாமென்று சொல்வதோடு, ரொட்டியில் முட்டை உண்டா என்றும் கேட்க வேண்டும்.

தாவரப் புரதத்தால் ஆன இம்பாசிபிள், பியாண்ட் என்ற பர்கர் வகைகளை இறைச்சி வெந்த அதே தட்டில் வேகவைப்பது வழக்கம். பர்கர் கிங் 2019இல் இம்பாசிபிள் வகையை நாடெங்கும் கொண்டுவந்தபோது, வேண்டுவோருக்கு இறைச்சி சுடும் நெருப்பைத் தவிர்த்து வேறு முறையில் சூடாக்கித் தருவதாகச் சொன்னது. அதை நாம் கேட்டால்தான் செய்வார்கள். தவிர, அவை இறைச்சிபோலவே சுவைப்பதற்காகச் செய்யப்பட்டவை. உங்கள் அம்மாவுக்கு அது பிடிக்கும் என்று நான் நினைக்கவில்லை.


முன்னாள்_பரிமாறுநர் எழுதியது:

படிக்கும் காலத்தில் இரண்டு ஆண்டுகள் ஒரு பர்கர் உணவகத்தில் மேசைப் பணி செய்தேன் என்பதால் கடைசி இரண்டு கேள்விகளுக்கு மட்டும் பதில் தருகிறேன்.

பையனுக்கு வாங்கும் பர்கரை முழுவதும் வேகவைத்துத் தரும்படி சொல்லுங்கள். இதில் இரண்டாவது எண்ணமே வேண்டாம். முழுத் துண்டாக வேகும் இறைச்சியில் கிருமிகள் மேற்பரப்பில் மட்டுமே இருக்கும், சூட்டில் அவை செத்துவிடும். அரைத்த இறைச்சியில் மேற்பரப்பு முழுவதும் உள்ளே கலந்துவிடுகிறது. அதனால்தான் முழுத் துண்டுக்கு 145 டிகிரி போதுமென்று சொல்லும் அமெரிக்க வேளாண்மைத் துறை, அரைத்த மாட்டிறைச்சிக்கு 160 டிகிரி ஃபாரன்ஹீட் என்கிறது. கோழிக்கும் வான்கோழிக்கும் அது 165. வேகாத பர்கர் இறைச்சியிலிருந்து பரவிய ஈ.கோலை கிருமியால் 1992-93இல் நான்கு குழந்தைகள் இந்த நாட்டில் இறந்தார்கள். பதத்தைக் கேட்கும் உணவகங்கள் மெனுவின் அடியில் சிறிய எழுத்தில் ஓர் எச்சரிக்கை அச்சிட்டிருக்கும், அதை யாரும் படிப்பதில்லை. தடித்த வட்டுகளுக்குத்தான் இந்தக் கேள்வி எழும். சூடான இரும்புத் தட்டில் உருண்டையை வைத்து அழுத்தி மெல்லியதாகச் சுடும் வகை, ஓரம் முறுகுவதற்குள் உள்ளே தானாகவே வெந்துவிடும். குழந்தைகளோடு வருவோருக்கு நான் அதையே சொல்வேன்.

டிப்ஸ் பற்றிச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டும். டெக்சாஸில் டிப்ஸ் பெறும் பணியாளருக்கு முதலாளி தர வேண்டிய குறைந்தபட்ச ரொக்கக் கூலி மணிக்கு 2 டாலர் 13 சென்ட்; 1991இலிருந்து அந்தத் தொகை மாறவில்லை. டிப்ஸோடு சேர்த்தும் 7 டாலர் 25 சென்ட்டை எட்டாவிட்டால் மீதியை முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் என் வாடகை, மேசையில் நீங்கள் விட்டுச்சென்ற தொகையிலிருந்துதான் போனது. மேசைக்கு வந்து பரிமாறும் இடத்தில் வரி சேர்க்காத தொகைக்கு 18 முதல் 20 விழுக்காடு வையுங்கள். ஆறு அல்லது எட்டுப் பேருக்கு மேற்பட்ட குழுவென்றால் அவர்களே பில்லில் சேர்த்திருக்கலாம். நீங்கள் ஆறேழு பேர் போவதால் இரண்டு முறை கொடுத்துவிடாமல் பில்லைப் பாருங்கள். வரிசையில் நின்று நீங்களே தட்டைத் தூக்கிப் போகும் பார்பிக்யூ கடையில், திரையில் என்ன விழுக்காடு காட்டினாலும் அது உங்கள் விருப்பம்தான். உங்களுக்காகப் பலகையைத் துடைத்துக் கத்தியை மாற்றியவருக்கு ஐந்து டாலர் வைத்தால் அது நல்ல பண்பு.


மெம்ஃபிஸ்_மாணவன் எழுதியது:

ஒரு சிறு குறிப்பு. உங்கள் தந்தை ஆட்டுக்கறி உண்பவர் என்றால், மேற்கு கென்டக்கியிலுள்ள ஓவன்ஸ்பரோ என்ற ஊரில் பார்பிக்யூ என்றாலே செம்மறியாடுதான். முற்றிய ஆட்டை ஹிக்கரி விறகில் மெதுவாக வேகவைத்து, கறுத்த, புளிப்பான ஒரு சாற்றைத் தடவுவார்கள். என் தந்தை வந்திருந்தபோது மெம்ஃபிஸிலிருந்து அங்கே காரில் அழைத்துப் போனேன். இங்கே எல்லோரும் கொண்டாடும் பன்றி ரிப்ஸால் ஒரு பயனும் இல்லாமல் இருந்த மனிதர், அங்கே மூன்று முறை வாங்கி உண்டார். டெக்சாஸிலிருந்து வெகுதூரம்தான், ஆயினும் எப்போதாவது அந்தப் பக்கம் போனால் விட்டுவிடாதீர்கள்.


ரவுண்ட்ராக்_வாசி எழுதியது:

ஏழு வாரங்களுக்குப் பிறகு வருகிறேன். எல்லோருக்கும் தனித்தனியே நன்றி சொல்ல வேண்டும்.

சகோதரி தென்றல் சொன்னபடி முந்தைய நாளே மூன்று கடைகளுக்குத் தொலைபேசியில் பேசினேன். முதல் கடையில் எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று கலந்திருந்தது. இரண்டாவது கடையில் யாரும் எடுக்கவில்லை. மூன்றாவது கடையில் பேசிய பெண், சமையற்கட்டுக்குள் போய்க் கேட்டுவந்து, பாலாடைச் சோளத்தில் பாலும் வெண்ணெயும் மாவும் தவிர வேறொன்றும் இல்லையென்றும், கோல்ஸ்லா வினிகரில் செய்ததென்றும், பீன்ஸ் பக்கமே போக வேண்டாமென்றும் சொன்னார். சனிக்கிழமை பத்தேகாலுக்குப் போனோம். எங்களுக்கு முன்னால் முப்பது பேராவது இருந்தார்கள்.

நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த வாக்கியத்தை முடிப்பதற்குள்ளேயே வெட்டுபவர் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியதை மாட்டினார். அடியிலிருந்து வேறொரு பலகையை எடுத்து வைத்து, வேறு கத்தியால் வான்கோழியை வெட்டி, ஒரு துண்டைத் தனியே தாளில் வைத்து அப்பாவை நோக்கி நீட்டினார். அப்பா அதை வெளிச்சத்தில் பிடித்து அந்தச் சிவப்புப் பட்டையைப் பார்த்தார். முன்பே சொல்லியிருந்ததால் தலையை ஆட்டிவிட்டு வாயில் போட்டுக்கொண்டார். பிறகு அரை பவுண்டு என்று நான் சொல்லியிருந்ததை ஒரு பவுண்டாக்கச் சொன்னவர் அவரே. மாப்பிள்ளை பிரிஸ்கெட்டை உண்டுவிட்டுச் சிறிது நேரம் பேசவே இல்லை. அம்மா சோளத்தை இரண்டாம் முறையும் வாங்கிவரச் சொன்னார். வீட்டில் செய்துபார்ப்பதற்காக அதில் என்னென்ன சேர்கிறது என்று என்னிடம் கேட்டு எழுதிக்கொண்டார்.

பர்கருக்கு வேறொரு நாள் போனோம். மெல்லியதாக அழுத்திச் சுடும் கடை, கடலை எண்ணெய் வறுவல். அம்மாவுக்கு ரொட்டியில் முட்டை இருந்ததால் சாண்ட்விச் வேண்டாமென்றாகி, வறுவல் மட்டும்தான். அது முன்பே தெரிந்திருந்ததால் வீட்டிலேயே தயிர்சாதம் உண்டுவிட்டு வந்திருந்தார். பையன் இரண்டு பர்கர் தின்றான்.

அப்பா இப்போது ஊருக்குத் திரும்பிவிட்டார். ஓவன்ஸ்பரோவைப் பற்றி அவரிடம் நான் சொல்லியிருக்கக் கூடாது, ஏனென்றால் விமான நிலையத்துக்குப் போகும் வழியெல்லாம் வரைபடத்தை வைத்துக்கொண்டு அங்கே காரில் போக எத்தனை மணி நேரம் ஆகும் என்று கேட்டுக்கொண்டே வந்தார். அடுத்த ஆண்டு வசந்தத்தில் மீண்டும் வருகிறார்கள். மெம்ஃபிஸ் நண்பர் இதைப் படித்தால், அங்கே எந்தக் கிழமைகளில் போகலாம், அம்மாவுக்கு என்ன கிடைக்கும் என்பதையும் எழுத வேண்டுகிறேன்.